வயிறு நிறைஞ்சா போதுமா?

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்றரை வயது. காலையில் பாலில் நனைத்த பிஸ்கட், மதியம் ரசம் சாதம், ராத்திரி சர்க்கரை தொட்டு இட்லி. "நல்லாத்தான்கா சாப்பிடுறான், உயரமே வரல" என்கிறாள் அவன் அம்மா.

6 முதல் 23 மாதம் வரை, தாய்ப்பாலையும் சேர்த்து, தானியம், பருப்பு, பால், முட்டை என்று பிரித்த 8 உணவு வகைகளில் தினமும் 5 ஆவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இட்லியில் உளுந்து இருப்பதால் பருப்புக் கணக்கில் ஒப்பேற்றிவிடலாம். தெளிந்த ரசத்துக்கு அந்தச் சலுகை கிடையாது!

தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை என்றது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் ஒரு காரணம், சரி. ஆனால் 6 மாதம் முடிந்தாலே நன்றாக வெந்த முட்டையை மசித்து ஊட்டலாம், கீரையைப் பருப்போடு கடைந்து கொடுக்கலாம். "பல்லு முளைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் பெரியவர்களிடம்தான் எனக்குச் சண்டையே.