பயந்த பிள்ளை

சின்ன வயதில் எனக்கு 'பயந்த பிள்ளை' என்று பெயர். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் முன்னால் நான் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினால், அவர்கள் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுவார், "அவள் ஷெல் சத்தத்தில பயந்து போனவள்" என்று. வந்தவர்களும் தலையாட்டுவார்கள். திருகோணமலையில் அந்தக் காரணத்துக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எனக்கு எட்டு வயது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்தபோது பத்து வயது. எல்லோரையும் போல நானும் பயந்தேன், அது உண்மை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குச் சத்தம் நின்ற பிறகு பயமும் மெல்ல மெல்ல விட்டுப்போனது, எனக்கோ அதற்குப் பிறகும் கிரைண்டர் இருந்தது, வகுப்பில் நாற்பது கதிரைகளை ஒன்றாக இழுக்கும் சத்தம் இருந்தது, காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும் பாண் ஓட்டோ இருந்தது. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள்கூட நாள் முழுக்க என்னை அரித்துக்கொண்டே இருக்கும். லேபிளுக்கும் ஷெல்லுக்கும் என்ன சம்பந்தம்? யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சிலர் வந்து வெள்ளைத் தாளும் கலர் பென்சிலும் தந்து, கடல் வந்த நாளைக் கீறச் சொன்னார்கள். எல்லோரும் அலை கீறினார்கள். நான் மான் கீறினேன். பிரட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிற புள்ளிமான்கள்தான், பதினேழு மான்கள், அன்று நான் எண்ணி வைத்திருந்த கணக்கு. பார்த்தவர்கள் கவலைப்பட்டு, பிள்ளை எல்லாவற்றையும் உள்ளுக்குள் பூட்டி வைத்திருக்கிறாள் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நான் எதையும் பூட்டவில்லை. அந்த வயதில் எனக்கு உலகத்திலேயே முக்கியமானது மான்தான், அதைத்தான் கீறினேன்.

அந்த மான்களைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்னால் பேச முடியும். புள்ளிமான் கிடாக்களுக்குக் கொம்பு உதிர்ந்து திரும்ப முளைக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் இல்லை, அதனால் ஒரே நாளில் ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும், பக்கத்தில் நிற்பதற்குக் கொம்பின் மேல் பஞ்சு மாதிரித் தோல் மூடியிருக்கும், இன்னொன்று மொட்டைத் தலையோடு புல் மேயும். அதனால் கொம்பை வைத்து அடையாளம் பிடித்தால் சில மாதங்களில் ஏமாந்துவிடுவோம். புள்ளி அப்படியில்லை, சாகும்வரை இருக்கும். இதை ஒருவரும் சொல்லித் தராமல் நானாகப் பார்த்துக் கண்டுபிடித்து, ஒரு கொப்பி நிறையப் புள்ளிகளாகக் கீறி வைத்திருந்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்தின மாதம் அந்தக் கொப்பி காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும், நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள் என்றும் தெரியும். இன்றைக்கும் அது வலிக்கிறது.

அதன் பிறகு நான் நடிக்கப் பழகினேன். ஆளின் கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்த்தால் போதும், வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் சிரித்து அரைச் செக்கன் கழித்துச் சிரிக்க வேண்டும். மானைப் பற்றிப் பேசவே கூடாது. பதினோராம் வகுப்பு ஓ/எல் பரீட்சைக்குப் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்திலும் பிறகு ரியூசனிலும் இப்படி நடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடச் சத்து இருக்காது, லைற்றை அணைத்துவிட்டுச் சீமெந்து நிலத்தில் படுத்துக் கிடப்பேன். சோம்பேறி என்றார்கள். பெருமை பிடித்தவள் என்றும் சொன்னார்கள்.

2023இல் அம்மாவோடு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அவர் என்னிடம் கேட்டதைவிட அம்மாவிடம் கேட்டதுதான் அதிகம், அதுவும் மூன்று வயதுக்கு முந்தின கதை. அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார்: "ஒன்றரை வயசில கிரைண்டர் போட்டால் மூச்சு அடங்கிற மாதிரி அழுவாள் டொக்டர். அதுக்காகவே ரெண்டு மூண்டு வருசம் அம்மியிலதான் அரைச்சனான்."

அது எனக்கு அதுவரை தெரியாது. ஷெல்லையும் கடலையும் காண்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன், பெயர் ஒன்றும் தெரியாமலே அம்மா எனக்காகக் கை நோக அரைத்திருக்கிறார்.

ஓட்டிசம் என்றார் மருத்துவர், மூளை வளரும் விதத்திலேயே இருக்கிற ஒரு வித்தியாசம். (சிலர் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, என் மதி எங்கேயும் இறுகிக் கிடக்கவில்லை.) உடனே அம்மா கேட்டார், "நாங்கள் சண்டைக்குள்ள வச்சு வளர்த்ததாலயா?" இல்லை, இது பிறப்பிலேயே வருவது என்று மருத்துவர் சொல்லியும் அம்மாவுக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து நான் தேடித் தேடி வாசித்தேன். தாயின் பாசம் போதாததால்தான் இப்படி வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பியிருக்கிறார்கள், 1964இல் பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவருடைய மகனுக்கும் ஓட்டிசம்தான், அது பிழை, காரணம் உடலில் இருக்கிறது என்று புத்தகமே எழுதினார். அதை அம்மாவுக்குச் சொன்னபோது பாவம் அந்தத் தாய்மார் என்று மட்டும் சொன்னார். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஓட்டிசம் பற்றி 1943இல் எழுதிய முதல் கட்டுரையில் வரும் 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண் பிள்ளைகள். சத்தமும் லேபிளும் தாங்க முடியாமல் இருப்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஓட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்ததே 2013இல்தான். ஆக 2004இல் திருகோணமலையில் ஒரு பெண் பிள்ளையை யார் கண்டுபிடித்திருக்க முடியும் என்று நினைக்கும்போது கோபம் கொஞ்சம் இறங்கும், முழுதாக இறங்காது.

பெயர் தெரிந்த அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் ஆறு மாதம் அழுதேன், அதிகமாக அந்தப் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துத்தான். நியூரோடைவர்ஜென்ட், அதாவது மூளை வேறு விதமாக வேலை செய்கிற ஆள், என்று என்னை நானே சொல்லிப் பார்த்தாலும் வாய்க்குள் அது வேறு யாருடையதோ சொல் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் பத்திரகாளி அம்மன் தேருக்குப் போகும்போது காதை மூடும் ஹெட்செட் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். மேளத்தை நெஞ்சில் உணர முடிந்தது, காது வலிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேர் இருப்பிடத்துக்குத் திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஒரு மாமி "காதில என்ன பிள்ளை?" என்று கேட்டார். "எனக்குச் சத்தம் ஒத்துவராது மாமி" என்றேன். "ஓ, சரி" என்று சொல்லிவிட்டு என் கையில் திருநீறு தந்தார். இருபது வருடம் நான் ஒளித்து வைத்த வசனம் அது.

புதிய கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பக்கம் போகிறேன், சில மான்கள் பொலித்தீன் தின்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது, அதையும் எழுதி வைக்கிறேன். அம்மா கிரைண்டர் போடுவதற்கு முன் குசினியில் இருந்து, "போடப் போறன் பிள்ளை" என்று குரல் கொடுப்பார். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவேன். அரைத்து முடிந்ததும் அவரே வந்து கூப்பிடுவார்.