நாலு கட்டில், ஒரு லைட்: பேராதனை நாட்குறிப்பு

மே 26, திங்கள்

விடியப்புறம் கண்டியில் இறக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் எங்கள் படலைக்கு முன்னால் போகிற ஏ9 வீதியை நாங்கள் கண்டி வீதி என்றுதான் சொல்வோம். பிறந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு, கண்டியைக் கண்ணால் கண்டது இன்றைக்குத்தான்.

அப்பாவின் ஒரு கையில் சூட்கேஸ், மற்றக் கையில் வாளி. என் மடியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி. "பெட்டியைச் சாய்க்காதை பிள்ளை" என்று அம்மா சொல்லிவிட்டதை அப்பா பேராதனைப் பல்கலைக்கழகம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். விடுதியின் முன்விறாந்தையோடு அவரை நிறுத்திவிட்டார்கள். வாளியை என்னிடம் தந்துவிட்டு, "சரி அப்ப" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போகிற பஸ்ஸில் சாப்பிட்டாரோ தெரியாது.

அறையில் நாலு பேர். இரண்டு அடுக்குக் கட்டில், நாலு சின்ன அலுமாரி, நடுவில் ஒரு லைட். ஒருத்தி மாத்தறை, ஒருத்தி மூதூர், ஒருத்தி தலவாக்கலை. நாலு பேரும் விஞ்ஞான பீடம், முதலாம் வருடம். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை, அவரவர் ஊரே பெயராக இருக்கட்டும். எனக்கு மேல்கட்டில் கிடைத்தது. ஏணியின் இரண்டாவது படி ஆடுகிறது.

மே 27, செவ்வாய்

இங்கே விடுதிக்கு ஹோல் என்றுதான் பெயர். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, மார்ஸ், ஹில்டா, சங்கமித்தா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பெயரில். பொன்னம்பலம் சகோதரர்கள் இரண்டு பேருமே இங்கே கட்டடமாக நிற்கிறார்கள் என்று அப்பாவுக்குச் சொன்னேன். மனுசனுக்குப் பெரிய சந்தோஷம்.

சீனியர் அக்கா ஒருவர் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, 1952இல் இங்கே வந்தது. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸுக்கு மாணவர்கள் எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே தங்கிப் படிக்க வேண்டும் என்பது பிடிவாதம். 1954இல் எலிசபெத் மகாராணியோடு வந்த பிலிப் இளவரசர்தான் முறைப்படி திறந்துவைத்தார். ஏற்கெனவே வகுப்புகள் நடந்துகொண்டிருந்த இடமல்லவா, அதனால் 'வழக்கத்தை விடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக' அறிவிக்கிறேன் என்றாராம். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஹோலிலேயே மேசையில் இருத்திப் பரிமாறுவார்களாம். நாங்கள் இன்று பகல் கன்டீன் வரிசையில் நின்ற நேரத்துக்கு அதை யோசித்துப் பார்க்கக் கூடாது.

வீட்டில் எல்லாரும் பயமுறுத்தி அனுப்பியது பகிடிவதையை (ராகிங்) சொல்லித்தான். சின்னம்மா அதைத் தடைசெய்கிற 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கத்தைக்கூட (20ஆம் இலக்கம்) போனில் அனுப்பியிருந்தார். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மே 30, வெள்ளி

குளிப்பதைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. குளிர் ஒரு பக்கம் இருக்கட்டும், சவர்க்காரம் போகவே மாட்டேன் என்கிறது! எத்தனை வாளி ஊற்றினாலும் தோல் வழுவழுவென்று கிடக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும், சவர்க்காரம் லேசில் நுரைக்காது, ஊற்றின உடனே கழுவுப்பட்டும் போய்விடும். இங்கே மெல்லிய தண்ணீர். அரைவாசிச் சவர்க்காரம் போதும் என்று தலவாக்கலை சொன்னாள். உண்மைதான், போதும்.

பின்னேரம் குறிஞ்சிக் குமரன் கோயில். மலையில் ஏற மூச்சு வாங்கியது. வெள்ளிக்கிழமையாதலால் நல்ல கூட்டம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எல்லா ஊர்த் தமிழும் காதில் விழுந்தது. சுண்டல் நல்லாயிருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

உடுப்புக் காயவில்லை. வெள்ளிக்கிழமை தோய்த்தது, இன்றைக்கும் ஈரம். ஊரில் இப்போது சோளகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும், காலையில் கொடியில் போட்டால் பத்து மணிக்கு எடுத்து மடிக்கலாம். இங்கே தென்மேல் பருவமழை. விட்டது மாதிரி நிற்கும், வெளியில் கொண்டுபோய் விரித்ததும் தொடங்கும். அறைக்குள் கயிறு கட்டியிருக்கிறோம், கட்டிலிலிருந்து எழும்பினால் யாராவது ஒருவரின் சட்டைக்கை முகத்தில் படும்.

ஜூன் 3, செவ்வாய்

இன்றைய கதையை முழுதாக எழுத வேண்டும்.

மாம்பழங்களைக் கிழமைக் கணக்குப் பார்த்துப் பழுக்க வைத்திருந்தேன். கீழே வைக்கோல், மேலே பேப்பர், பெட்டி என் மேசைக்கடியில். லெக்சர் முடிந்து வந்து கதவைத் திறந்தால், மேசையில் ஒரு குரங்கு. ஓடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே பழத்தின் காம்புப் பக்கத்தைக் கடித்து, தோலைப் பல்லால் உரித்து, சாற்றை முழங்கை வரை வழிய விட்டுச் சாப்பிட்டது. எங்கள் ஊரில் பிள்ளைகள் சாப்பிடுகிற அதே முறை, அதே கவனம். ஜன்னலில் இன்னும் இரண்டு. அதில் ஒன்று வயிற்றில் குட்டியோடு. நான் "சூ" என்று கத்த, மேசையில் இருந்தது பல்லைக் காட்டிவிட்டு, போகிற போக்கில் இன்னொரு பழத்தையும் எடுத்துக்கொண்டு போனது. அவசரமே இல்லை.

மாத்தறை ஓடி வந்து பார்த்துவிட்டுத் தரையில் இருந்து சிரித்தாள். ஜன்னல் கொளுக்கியைப் போட்டாலும் அதுகளுக்குத் திறக்கத் தெரியுமாம், கம்பியால் சுற்றிக் கட்ட வேண்டுமாம். இதை முன்னமே சொல்லியிருக்கலாம். கட்டிலுக்கடியில் உருண்டு போயிருந்த பழங்களை எடுத்துக் கழுவி நாலு பேரும் தின்றோம். மூதூர், கொட்டையைச் சூப்பி முடித்துவிட்டு, "இதுக்காகத்தான் குரங்கு வந்திருக்கு, பிழை சொல்ல ஏலாது" என்றாள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. பழம் எப்படி என்று கேட்டார். எல்லாருக்கும் பிடித்தது என்றேன். பொய் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மூதூர் ஹஜ் பெருநாளுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறாள். மூன்று பேராக இருக்கிறோம், அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா. மாத்தறை எங்களைக் கண்டிப் பக்கம் தன்சலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் போகிற யாருக்கும் இலவசமாகச் சாப்பாடு. வரிசையில் நின்று சோறும் பருப்பும் வாங்கினோம். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்தர் மிகிந்தலைக்கு வந்த நாள் என்று விளக்கினாள். மிகிந்தலை ஏ9 ஓரம்தானே என்றேன், அவளுக்கு ஆச்சரியம். அவள் வவுனியாவுக்கு அங்கால் வந்ததே இல்லை. நான் மாத்தறைக்குப் போனதும் இல்லை.

ஜூன் 14, சனி

லைட் சண்டை முற்றிவிட்டது.

நான் பத்து மணிக்குப் படுக்கிற ஆள். மாத்தறை இரவு ஒரு மணி வரை படிப்பாள். மூதூர் சுபஹு தொழுகைக்கு ஐந்து மணிக்கு முன்னமே எழும்புவாள். ஆக லைட் அணைந்திருப்பது மூன்றோ நாலோ மணித்தியாலம். மேல்கட்டிலில் லைட் நேரே என் கண்ணுக்குள். நேற்று இரவு நான் எழும்பிச் சுவிட்சை அணைத்தேன், மாத்தறை போட்டாள், நான் திரும்ப அணைத்தேன். இருட்டுக்குள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் சண்டை பிடித்தோம். வகுப்பில் வாயே திறக்காத எங்கள் இருவருக்கும் அவ்வளவு ஆங்கிலம் எங்கேயிருந்து வந்ததோ! ஆத்திரத்தில் இலக்கணம் சரியாகவே வருகிறது.

இன்று காலை தலவாக்கலைதான் இருத்தி வைத்துப் பேசினாள். அவளுக்கு இரண்டு மொழியும் நல்லாய் ஓடும். பகல் கண்டிக்குப் போய் ஆளுக்குக் காசு போட்டு மேசை விளக்கு ஒன்று வாங்கி வந்தோம். அதன் வெளிச்சமும் சுவரெல்லாம் பட்டது. மாம்பழப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி விளக்குக்கு மூன்று பக்கமும் மறைப்பாக நிறுத்தினாள். எல்ஈடி குமிழ், சூடு ஏறாது. இப்போது வெளிச்சம் கொப்பியில் மட்டும் விழுகிறது, பெட்டியின் வெளிப்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் என் பெயரும் பேராதனையும் தெரிகிறது. பத்தரைக்குப் பெரிய லைட் அணைக்க வேண்டும், பரீட்சைக்கு முதல் கிழமை மட்டும் விதிவிலக்கு. மாத்தறை அதைச் சிங்களத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள், நான் கீழே தமிழில் எழுதினேன்.

ஜூன் 15, ஞாயிறு

சின்னம்மா போனில்: "ஆர் ஆர் அறையில? ஓ, தோட்டத்துப் பிள்ளையோ?" அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. வெளியில் வந்து கதைத்தேன், தலவாக்கலைக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 21, சனி

மழை விட்டிருந்தது. நாலு பேரும் மகாவலிக் கரையோரம் நடந்தோம். மழைக்காலத் தண்ணீர், பால்தேத்தண்ணி நிறத்தில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனது. மூதூர் ஆற்றைக் காட்டி, "இது எங்கட ஆறு" என்றாள். எப்படி என்றால், மகாவலி கடலில் விழுவது அவள் ஊர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில். உடனே தலவாக்கலை விடவில்லை: அவள் வீட்டுக்குக் கீழே ஓடுகிற கொத்மலை ஓயா வந்து சேருவதும் இதில்தான், ஆகவே தண்ணீர் முதலில் அவளுடையது. இரண்டு பேரும் நல்லாய் வாதாடினார்கள். மாத்தறை தன் ஊர் நில்வளாவைச் சொல்லிப் பார்த்தாள், அது இந்த வழக்கில் செல்லாது என்று தள்ளப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை. எங்களிடம் இருப்பது மாரிக்கு ஓடிக் கோடைக்குக் காய்கிற வழுக்கியாறு. மகாவலியை வடக்குக்குத் திருப்புகிற கதையைத் தாத்தா காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

திரும்பி வருகிறபோது நான் அறையைப் பற்றிப் புறுபுறுத்தேன். வீட்டில் எனக்கென்று தனி அறை, ஜன்னலைத் திறந்தால் பலாமரம். இங்கே உடுப்பு மாற்றக்கூட முறை வைக்க வேண்டியிருக்கிறது, இவ்வளவு இடத்துக்குள் நாலு பேர் எப்படி என்றேன். தலவாக்கலை சிரித்தாள். "எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து அறை பத்துக்குப் பன்னெண்டு அடி. அதுல நாங்க ஏழு பேர். எனக்குன்னு அலுமாரி இருக்கிறது இதுதான் முதல் தடவை." குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். நேற்று வரைக்கும் அவள் அலுமாரிக் கதவை அடிக்கடி திறந்து மூடுவது எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுடைய அம்மம்மா பிறந்ததும் அதே லயத்தில்தானாம். மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் செய்த 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நான் உயர்தரத்துக்கு முன்னமே வரலாற்றுப் பாடத்தில் பாடமாக்கி எழுதியிருக்கிறேன். அது நடந்த வீட்டுப் பிள்ளையோடு கதைப்பது இதுதான் முதல் முறை. சின்னம்மாவுக்கு ஒருநாள் ஆறுதலாகப் போன் எடுக்க வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

பௌதிகவியல் செய்முறை அறிக்கை நாலு தரம் திருப்பி எழுதினோம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஒருத்திக்கு விளங்கினதை மற்றவளுக்குச் சொல்லி, அது இரண்டு மொழி தாண்டி என்னிடம் வரும்போது வேறு விதியாக மாறிவிடுகிறது.

ஜூலை 12, சனி

தலவாக்கலை வீட்டிலிருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு வந்தாள். எழுத நேரமில்லை, சாப்பிடுகிறோம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கண்டி எசல பெரஹெரா, புத்தரின் புனிதப் பல் இருக்கிற தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழா. அதன் கடைசிப் பகுதியான ரந்தோலி நாட்கள் தொடங்கிவிட்டன. மத்தியானமே போய் வீதியோரத்தில் பொலித்தீன் விரித்து இடம் பிடித்தோம். மாத்தறை வீட்டிலும் இது ரிவியில்தான் பார்ப்பார்களாம், ஆக நாலு பேருக்கும் புதிது. சாட்டை அடிக்கிறவர்கள் முதலில், பிறகு தீப்பந்தம், கண்டிய நடனம், யானை, திரும்ப யானை. தலதா மாளிகை ஊர்வலத்துக்குப் பின்னால் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள்: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. கடைசியில் வருகிற பத்தினியில்தான் பெண்கள் ஆடி வருகிறார்கள். பத்தினி என்பது எங்கள் கண்ணகி. வற்றாப்பளைக் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவோடு போய்க் கும்பிட்டவள் இங்கே யானையின் மேல் வருகிறாள். நான் எழும்பிக் கைகூப்ப, பக்கத்தில் இருந்த சிங்கள ஆச்சியும் எழும்பினார். பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேரையும் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

திரும்பப் பஸ் கிடைக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. ஹோலில் முன்னமே எழுதிக் கொடுத்து அனுமதி எடுத்திருந்ததால் தப்பினோம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

நல்லூர்த் தேருக்கு வீட்டுக்குப் போகிறேன். செவ்வாய் இரவு பஸ்ஸுக்கு சீட் போட்டாயிற்று. அறையில் பட்டியல் தயாராகிவிட்டது. மாத்தறைக்கு யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், அவள் அம்மா கேட்டதாம். மூதூருக்குப் பனங்கட்டி. தலவாக்கலை ஒன்றும் வேண்டாம் என்றாள், பிறகு இரவு கீழ்க்கட்டிலிலிருந்து மெதுவாக, "கறுத்தக்கொழும்பான் இன்னும் இருக்குமா?" என்று கேட்டாள். பருவம் முடிந்துவிட்டது என்றேன். அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன், எங்கேயாவது ஒரு மரத்தில் பிந்திக் காய்த்தது நிற்கும்.

போக முதல் ஜன்னல் கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்க வேண்டும். ஈர உடுப்பு எல்லாவற்றையும் பையில் அடைத்துவிட்டேன், ஊரில் காயட்டும்.