பத்துக்குத் தொண்ணூறு

காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் செல்லும் சாலையிலும், அதிலிருந்து பிரியும் கிளைச்சாலைகளிலும் ஃபைபர் இழுத்து வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வீடு ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் கடந்து அடுத்த தெருவில் பின்வாசலாக முடியும். அத்தனை பெரிய வீட்டில் ஆள் இருப்பது அரிது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள்; கல்யாணத்துக்கோ படைப்புக்கோ கதவு திறக்கும், பிறகு பூட்டிவிடுவார்கள். ஊருக்கு மிஞ்சிப்போனால் ஐந்தாறு இணைப்புதான் தேறும் என்றாலும், அந்த ஐந்தாறுக்காக ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்தே ஆக வேண்டும்.

ஓர் இழையில் வரும் வெளிச்சத்தைப் பல இழைகளுக்குப் பங்கிடும் பெரிய ஸ்ப்ளிட்டர் ஒன்றை ஒரே இடத்தில் வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி இழை கொண்டுபோவது பாடநூல் முறை. நகரத்தில் அது சரி. எங்கள் சாலையில் அதைச் செய்தால் கம்பியின் விலையே முதலை விழுங்கிவிடும். ஆகவே ஒரே இழையை ஊர் ஊராகக் கொண்டுபோய், ஒவ்வோர் ஊரிலும் அதிலிருந்து சிறிதளவு வெளிச்சத்தை மட்டும் கிள்ளிக்கொண்டு மிச்சத்தை அடுத்த ஊருக்கு அனுப்புகிறோம். இப்படிக் கிள்ளுவதற்கு உதவுவதுதான் சமமில்லாத ஸ்ப்ளிட்டர். தொழிலில் அதைக் கப்ளர் என்போம். ஐந்துக்குத் தொண்ணூற்றைந்து, பத்துக்குத் தொண்ணூறு, இருபதுக்கு எண்பது என்று அதன் பிரிவு விகிதமே அதற்குப் பெயர்; சின்னப் பங்கு அந்த ஊருக்கு, பெரிய பங்கு அடுத்த ஊருக்கு.

சமமாகப் பிரிக்கும் கப்ளரை வைத்தே சங்கிலி கட்டலாமே என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பதுண்டு. வெளிச்சத்தின் இழப்பை டெசிபலில் அளப்போம்; 3 டெசிபல் போனால் பாதி போனதாகக் கணக்கு. சமப் பிரிவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.5 டெசிபல் தின்னும். அலுவலகத்தில் வெளிச்சத்தை அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவியான ஓஎல்டியிலிருந்து பிளஸ் 5 டிபிஎம் (வெளிச்சத்தின் பலத்துக்கான அளவு; மைனஸில் எண் பெரிதாக ஆக வெளிச்சம் மங்கும்) அளவில் வெளிச்சம் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஊரிலும் எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் 10.5 டெசிபலையும் இழையின் இழப்பையும் கழித்தபின் முதல் ஊருக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும்; ஆறாவது ஊரை எட்டும்போது, வீட்டுக் கருவி படிக்கக்கூடிய கடைசி எல்லையான மைனஸ் 27க்கும் கீழே போயிருக்கும். பந்தியில் முதல் இலைக்காரருக்கு அண்டாவில் பாதியைக் கவிழ்த்தால் கடைசி இலைக்கு என்ன மிஞ்சும்? அண்டா நிறைந்திருக்கும்போது சிறு கரண்டியால் பரிமாறி, குறையக் குறையக் கரண்டியைப் பெரிதாக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் கிளைச்சாலை ஒன்றில் ஏழு ஊர்கள் இருக்கின்றன. முதல் மூன்று ஊர்களில் 5 சதவீதக் கப்ளர், அடுத்த இரண்டில் 10 சதவீதம், ஆறாவதில் 20 சதவீதம், கடைசி ஊரில் கப்ளரே இல்லாமல் நேரே பதினாறாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் என்று அமைத்தேன். ஆறு ஊருக்கு எட்டெட்டு, கடைசிக்குப் பதினாறு என்று கூட்டினால் 64 வரும். ஜிபான் என்ற இந்த ஃபைபர் முறையில் ஓஎல்டியின் ஒரு போர்ட்டுக்கு வழக்கமாக வைத்துக்கொள்ளும் வரம்பும் அதுதான். ஐந்து சதவீதக் கப்ளர் கிளைக்குச் செல்லும் வெளிச்சத்தில் 13.5 டெசிபல் குறைத்தாலும், நேரே செல்லும் வெளிச்சத்தில் 0.4 அளவுதான் குறைக்கும் என்பதால், நடு ஊர்களின் வீடுகளில் மைனஸ் 20க்கும் 23க்கும் இடையிலும், கடைசி ஊரில் மைனஸ் 17.4 ஆகவும் அளவு வந்தது. மைனஸ் 25க்குக் கீழே எந்த வீட்டையும் விடக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. ஒட்டுகள் பழசாகும், கம்பி அறுந்து மறுபடி ஒட்ட வேண்டிவரும். அந்தச் செலவுக்கெல்லாம் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும்.

கப்ளரைப் பற்றி எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் போல, கிளையிலிருந்து பிரதான இழைக்குத் திரும்பும் வெளிச்சம் முழுவதும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நடப்பதில்லை. 5 சதவீதக் கப்ளர், வெளிச்சம் வீட்டுக்கு வரும்போது எவ்வளவு தின்கிறதோ அவ்வளவையே போகும்போதும் தின்னும். வீட்டிலிருந்து 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் கிளம்பும் வெளிச்சத்திலும் அதே 13 டெசிபலுக்கு மேல் போய்விடும். இரண்டு இழைகளை ஒட்டவைத்துச் சூடாக்கி இழுத்துச் செய்யும் கருவிக்கு உண்மையில் நான்கு கால்கள், அதாவது இழை முனைகள், உண்டு. பயன்படாத நான்காவது கால் உறைக்குள்ளேயே முடிக்கப்பட்டிருக்கும், திரும்பி வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி அதில் போய் அழியும். போதாததற்கு, வீட்டுக்கு இறங்கி வரும் வெளிச்சத்தின் 1490ஐவிட 1310இல் இழையே கூடுதலாக இழக்கும். ஆகையால் வீட்டில் அளவு நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாமல், அந்த வீட்டின் குரல் ஓஎல்டிக்கு எந்த அளவில் கேட்கிறது என்பதையும் திரையில் பார்ப்பேன்.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஓர் ஐப்பசி இரவில் தவறு செய்தேன். வைக்கோல் ஏற்றி வந்த லாரி நான்காவது ஊரின் முனையில் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜாயிண்ட் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்பு கூடு கட்டி, கப்ளர் கால்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை அரித்துவைத்திருந்தது. பையிலிருந்த புதிய பத்துக்குத் தொண்ணூறு ஒன்றை எடுத்து, உதவிக்கு வந்த பையன் குடையும் டார்ச்சும் பிடிக்க, ஒட்டி முடித்துப் பெட்டியை மூடினேன். ஓஎல்டித் திரையைக் கைப்பேசியில் பார்த்தேன். நான்காவது ஊர் வந்திருந்தது, ஏழாவது ஊரிலும் ஒரு வீடு வந்திருந்தது. ஐந்தும் ஆறும் அணைந்திருந்தன. அந்த இரண்டு ஊரிலும் சேர்த்து ஐந்தே இணைப்பு. ஐந்தும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள், கருவியை அணைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவார்கள். சங்கிலியின் கடைசி உயிரோடு இருந்தால் நடுவில் என்ன குறை இருக்க முடியும் என்று எண்ணி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஏழாவது ஊரிலிருந்து ஆச்சி ஒருவர் அழைத்தார். "தம்பி, பேரன் முகம் வருது, போகுது, வருது. நீங்க சரி பண்ணினதுக்கு அப்புறம்தான் இப்படி" என்றார். போய்ப் பார்த்தேன். முகப்பில், தேக்குத் தூணருகே வைத்திருந்த கருவியில் வெளிச்சம் வருவதைக் காட்டும் பான் விளக்கு ஒரு நிமிடம் நிலையாக எரிந்து, பிறகு சிமிட்டியது. மீட்டர் மைனஸ் 27.2 காட்டியது. அங்கே இருக்க வேண்டியது மைனஸ் 17.4. இழை வளைந்து நெரிந்திருக்கும் என்று தூண் தூணாகத் தேடி அரைநாளைத் தொலைத்தேன். 9.8 டெசிபல் குறைந்திருக்கிறதே, அது என்ன எண் என்று யோசிக்கத் தோன்றியது பிற்பகலில், ஆச்சி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தபோதுதான். பத்துக் காலின் இழப்பு 10.5, தொண்ணூறு காலின் இழப்பு 0.7, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 9.8.

நான்காவது ஊருக்குத் திரும்பி ஒரு வீட்டில் அளந்தேன். மைனஸ் 21 இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 11 இருந்தது. தொண்ணூறைத் தெருவுக்குக் கொடுத்து, பத்தை அடுத்த ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். நல்ல வெளிச்சம் வருகிறது என்று எந்த வாடிக்கையாளரும் புகார் சொல்வதில்லை ஆகையால், அந்த ஊரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐந்தாவது, ஆறாவது ஊர்களில் கணக்குப்படி மைனஸ் 30ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும் போய் இணைப்பு செத்தேவிட்டது. வீடு பூட்டிக் கிடந்ததால் அங்கிருந்தும் சத்தம் இல்லை. கப்ளர் இல்லாமல் நேரே வாங்கிய கடைசி ஊர் மட்டும் எல்லையில் நின்று சிமிட்டியது. கருவி மின்சாரம் போய் அணைந்ததா, வெளிச்சம் இல்லாமல் அணைந்ததா என்பதை ஓஎல்டியே குறித்துவைக்கும். அந்த இரவில் ஒரு தரம் அதைத் தட்டிப் பார்த்திருந்தால் ஆச்சி அழைத்திருக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊரிலும் என்றும் திறந்திருக்கும் இடம் ஒன்றைச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். இரண்டாவது ஊரில் டீக்கடை, ஐந்தாவதில் மாவு மில், ஆறாவதில் கோயில் காவலர் அறை. அங்கெல்லாம் கட்டணம் வாங்குவதில்லை. பூட்டிய வீடுகளை நம்பிச் சங்கிலியின் உடல்நிலையைச் சொல்ல முடியாது என்பதால், இந்தச் செலவு எனக்கு மலிவாகவே படுகிறது.

கேபிள் டிவிக்காரர்கள் கைமாற்றிக் கொடுக்கும் கப்ளர்களையும் இப்போது வாங்குவதில்லை. 1310, 1550 என்று இரண்டு அலைநீளத்துக்கு மட்டும் செய்த கப்ளர், நடுவிலுள்ள 1490இல் எழுதியபடியே பிரிக்கும் என்று நம்ப முடியாது. மூன்றுக்கும் சோதித்தது வேண்டும். ஒரே இழையில் டிவியும் ஓடினால் சாதாரண மீட்டரை நீட்டிப் பயனில்லை. எல்லா வெளிச்சத்தையும் சேர்த்தே அது காட்டும் என்பதால், 1550இல் பலமாக வரும் டிவியின் அளவைப் பார்த்துவிட்டு இணையம் கொழிக்கிறது என்று ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அலைநீளத்தைப் பிரித்துக் காட்டும் பான் மீட்டர் விலை கூடுதல்தான், வாங்கிவிட்டேன்.

சென்ற மாதம் மூன்றாவது ஊருக்கும் நான்காவது ஊருக்கும் நடுவிலுள்ள தோப்பு வீட்டில் ஓர் இணைப்புக் கேட்டார்கள். பையன் பையிலிருந்து ஓர் இருபதுக்கு எண்பதை எடுத்தான். அங்கே அதை வைத்தால் அந்த ஒரு வீட்டுக்காகக் கீழேயுள்ள நான்கு ஊரும் ஒன்றேகால் டெசிபல் இழக்க வேண்டும். முன்பே மைனஸ் 22இல் நிற்கும் மாவு மில் 23ஐத் தாண்டிவிடும். அடுத்த அறுப்புக்கும் ஒட்டுக்கும் அங்கே இடம் குறைந்துவிடும். ஒரே வீடுதான், எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் தேவையில்லை. ஐந்து சதவீதமே அங்கு மைனஸ் 13ஐ ஒட்டிக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது, "அண்ணே, ஒரு வீட்டுக்குப் போய் இவ்வளவு கணக்கா" என்றான். கப்ளரை ஒட்டியதும் பெட்டியின் மூடியை அவனிடமே கொடுத்தேன். அழியாத மையால் உள்பக்கத்தில் தேதி, உள்ளே வருவது, தெருவுக்குப் போவது, அடுத்த ஊருக்குப் போவது என்று நான்கையும் எழுதினான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு இருவரும் ஏழாவது ஊருக்குப் போனோம். ஆச்சி வீட்டில் மைனஸ் 17.9 இருந்தது.