வீட்டு பாலிசியில் கடைசியாகப் படிக்கும் பக்கங்கள்

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க வீட்டுக் காப்பீட்டு கிளைம்களைப் பார்ப்பது என் வேலை. புயலில் போன கூரை, சமையலறையில் பிடித்த தீ இதெல்லாம் பாலிசியின் முதல் பகுதி. மனசைப் பிசைவது இரண்டாம் பகுதிதான்: வீட்டின் உரிமையாளரால் இன்னொருவருக்கு அடிபட்டால் வரும் பொறுப்பு, அதாவது லயபிலிட்டி.

அங்கே பரவலாக விற்கும் எச்ஓ-3 பாலிசியில் இதற்கான தொகை பெரும்பாலும் 1,00,000 டாலரில் தொடங்குகிறது. முதல் தாளிலேயே அது கண்ணில் படும். எதற்கெல்லாம் கிடைக்காது என்பது பல பக்கம் தள்ளி இருக்கும். வேண்டுமென்றே செய்த காயம், கார் விபத்து ஆகியவற்றை விலக்கியது எனக்கு நியாயமாகவே படுகிறது; காருக்குத் தனி பாலிசி இருக்கிறது. தொழில் என்று வரும்போதுதான் சிக்கல். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் பெண் அதைத் தொழிலாக நினைப்பதே இல்லை. ஆனால் பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் 2,000 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால், பல பாலிசி படிவங்களின்படி அது தொழில்தான். குழந்தை விழுந்து கை ஒடிந்த பிறகு இதை அவரிடம் சொல்வது கொடுமை.

நம்மவர்கள் வீடுகளில் இன்னொன்று நடக்கிறது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அம்மா, நியூ ஜெர்சி குளிரில் உறைந்த வாசற்படியில் வழுக்கி விழுகிறார். "வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே" என்கிறார் மகன். அதே வீட்டில் வசிக்கும் உறவினரும் பாலிசியின் பாதுகாப்புக்குள் வருபவர். லயபிலிட்டி வெளியாளுக்கு அடிபட்டால்தான்; அதனாலேயே அவருக்குப் பட்ட காயத்துக்குப் பொறுப்புத் தொகை கிடையாது. அம்மா அங்கே வசிப்பவரா, விருந்தாளியா? திரும்பும் டிக்கெட், தங்கிய காலம், நிரந்தர முகவரி என்று கிளைமை ஆராயும் அட்ஜஸ்டர் விசாரிப்பார். விருந்தாளிதான் என்று முடிவானாலும், மகனின் கவனக்குறைவு நிரூபணமாக வேண்டும். யார் தப்பு என்று பார்க்காமல் அதே பாலிசி விருந்தாளிக்குத் தரும் மருத்துவச் செலவுத் தொகை பெரும்பாலும் 1,000 முதல் 5,000 டாலர்தான். இடுப்பெலும்பு முறிவுக்கு அங்கே ஆகும் செலவில் அது ஒரு மூலைக்குக்கூட வராது.

இதை விற்கும்போதே ஏஜென்ட் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "அக்டோபரில் அம்மா வருகிறார், உங்கள் கணக்கில் அவர் யார்?" பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், டிக்கெட் போடும்போதே அம்மாவுக்குத் தனியாக விசிட்டர் மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.