பாதி ரிப்போர்ட்

"சிஸ்டர், பிளட் கல்ச்சர் பாசிட்டிவ். ரெண்டு பாட்டில்லயும் கிராம் நெகட்டிவ் பேசிலை. எழுதிட்டுத் திருப்பிச் சொல்லுங்க."

லேபிலிருந்து போன். பாட்டிலில் வைத்த ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது; சாயம் போட்டால் இளஞ்சிவப்பாகத் தெரியும் குச்சி வடிவக் கிருமி. குன்னூர் குளிரில் பேனாவே ஓடவில்லை. பேர், ஐ.பி. நம்பர், ரிசல்ட், எல்லாம் வாசித்தேன். என் பேரையும் மணியையும் குறித்துக்கொண்ட பிறகுதான் லேப்காரர் போனை வைத்தார். வாய்வார்த்தையில் ஒரு எழுத்து பிசகினாலும் மருந்தே மாறிவிடும்.

கிருமியின் பெயர் இன்னும் தெரியாது. எந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும் என்பதற்கு மேலும் ஓரிரு நாள் ஆகும். ஆனால் ஸ்லைடில் தெரிந்த நிறமும் வடிவமும் போதும், டாக்டர் மருந்தை யோசித்து மாற்ற. அதனால்தான் பிரிண்டுக்குக் காத்திருக்காமல் போன் வருகிறது.

(ஒரே பாட்டிலில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் கதை வேறு. ரத்தம் எடுக்கும்போது ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.)

ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, அம்மாவைக் கூட்டி வந்தவர் எழுந்து வந்தார். "ரிப்போர்ட் வந்துருச்சாம்மா?"

"பாதி வந்திருக்குண்ணா."

"அதென்னம்மா பாதி ரிப்போர்ட்டு?"

48 மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும் தாளைக் காட்டி டிஸ்சார்ஜ் கேட்பவர்களிடமும் இதையேதான் சொல்வேன். அதுவும் பாதிதான். கிருமி வளர்கிறதா என்று பார்க்க, பாட்டில் பெரும்பாலும் 5 நாள் மெஷினுக்குள் இருக்கும்.