பலூனை மேலே தள்ளுவது யார்?

எமது கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, அங்கு கற்ற எத்தனையோ பாடங்களுள் பலூனைப் பற்றிய பாடமே முந்திக்கொண்டு நினைவுக்கு வந்தது.

ஈலியம் நிரப்பிய பலூன் ஏன் மேலெழுகிறது என்று பௌதிகவியல் ஆசிரியர் வினவினார். "ஈலியம் பாரம் குறைந்தது, சேர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. அவர் அதனை விடையாக ஏற்கவில்லை. எவ்வளவு பாரம் குறைந்த பொருளையும் புவி கீழ்நோக்கியே இழுக்கிறது. அப்படியிருக்க, அதனை மேலே தள்ளுவது யார் என்பதே அவர் கேட்ட கேள்வி.

தள்ளுவது சுற்றியுள்ள காற்றுத்தான். உயரம் கூடக்கூடக் காற்றின் அமுக்கம் குறைவதால், பலூனின் அடிப்புறத்தை மேல்நோக்கி அழுத்தும் விசை, மேற்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையைவிடச் சற்றே மிகுதியாக இருக்கிறது. 30 சென்ரிமீற்றர் உயரமுள்ள பலூனுக்கு இந்த அமுக்க வேறுபாடு, வளிமண்டல அமுக்கத்தில் இலட்சத்தில் மூன்றரைப் பங்கு அளவே. இத்தனை சிறிய வேறுபாடு தருகின்ற மேலுதைப்பு, பலூன் இடம்பெயர்த்த காற்றின் நிறைக்குச் சமன் என்பதே ஆக்கிமிடீசின் தத்துவம். வாயால் ஊதிய பலூனுக்கும் அதே மேலுதைப்பு உண்டு. ஆனால் உள்ளே சற்று நெருக்கப்பட்ட காற்றும் இறப்பரும் சேர்ந்த நிறை அதை மிஞ்சிவிடுவதால் அது கீழே விழுகிறது.

அடுத்து அவர் கரும்பலகையில் இட்ட கணக்குத்தான் என்னை இன்றளவும் வியக்க வைக்கிறது. சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிலோகிராம், ஈலியத்தினது 0.17, ஐதரசனினது 0.08. ஐதரசன் ஈலியத்தின் பாதி அடர்த்தியே கொண்டதாகையால் இரு மடங்கு பாரத்தைத் தூக்கும் என்று எவரும் எண்ணக்கூடும். கழித்துப் பார்த்தால் ஈலியம் 1.03 கிலோகிராமையும் ஐதரசன் 1.12 கிலோகிராமையும் தாங்குகின்றன. வேறுபாடு நூற்றுக்கு ஒன்பது வீதத்துக்கும் குறைவு. பலூனுக்குள் வெற்றிடமே இருந்தாலும் 1.2 கிலோகிராமுக்கு மேல் தாங்க முடியாது, ஏனெனில் தூக்கும் ஆற்றலின் எல்லையை வகுப்பது வெளியிலுள்ள காற்று. எளிதில் தீப்பற்றும் ஐதரசனை விட்டு ஈலியத்தை நாடுவதால் இழப்பது இவ்வளவு சொற்பமே.

1783 இல் பிரான்சில் வெப்பக்காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட மொங்கோல்பியர் சகோதரர்கள், புகையிலுள்ள ஏதோ ஒரு தனி வாயுவே அதனை உயர்த்துகிறது என நம்பினார்கள். உண்மையில் சூடாகி விரிந்த காற்றின் அடர்த்தி குறைந்ததே காரணம். விளக்கம் பிழைத்தாலும் பலூன் பறந்தது என்பதில் ஆசிரியருக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி என்றே தோன்றியது.

பாடம் முடியும் தறுவாயில், சாளரங்கள் மூடிய பேருந்தொன்று முன்னோக்கி வேகமெடுக்கும்போது உள்ளே நூலில் கட்டிய ஈலியப் பலூன் எப்பக்கம் சாயும் என்று கேட்டார். பயணிகளைப் போலவே பின்னால் என்றோம். உள்ளிருக்கும் காற்றும் பின்தங்க முனைவதால் பின்புறத்தில் அமுக்கம் கூடுகிறது. ஆகவே பலூன் முன்னோக்கித் தள்ளப்படுகிறது.