பாலக்கோடு வழியாக ஓசூருக்கு ஒரு லேபிள் பாதை

தருமபுரியிலிருந்து ஓசூருக்குக் கிருஷ்ணகிரி வழியாகவும் போகலாம், பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாகவும் போகலாம் என்பதால், எம்.பி.எல்.எஸ். (பாக்கெட்டில் ஒட்டிய லேபிள் எண்ணைப் பார்த்து அதை வழியனுப்பும் முறை) பழகுவதற்கு இந்த ஐந்து ஊர்களையே ரவுட்டர்களின் பெயர்களாக வைத்துக்கொண்டேன். ஐந்தும் தருமபுரியில் என் வீட்டிலுள்ள ஒரே லினக்ஸ் கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களாக, அதாவது ஒன்றோடொன்று கலக்காத மெய்நிகர் நெட்வொர்க்குகளாக, இயங்குகின்றன. வழக்கமான ஐ.பி. வழித்தேர்வு கிருஷ்ணகிரியையே எடுக்கும், ஏனெனில் அந்தப் பக்கம் இடையில் ஒரு ரவுட்டர்தான். ஓசூரில் கோப்புச் சர்வருக்கென ஒதுக்கிய முகவரிக்குச் செல்பவற்றை மட்டும் பாலக்கோட்டுப் பக்கம் திருப்பி, அங்கே 5 எம்.பி.பி.எஸ். அளவுக்குள் அடக்குவதே என் நோக்கம்.

தருமபுரி 1001 என்ற லேபிளை ஒட்டும். பாலக்கோடு அதை 1002 ஆக மாற்றும். இராயக்கோட்டை அதை அகற்றிவிட்டு வெறும் ஐ.பி. பாக்கெட்டாக ஓசூரிடம் ஒப்படைக்கும். ஒவ்வொரு லேபிளுக்கும் 4 பைட் கூடுவதால் எம்.டி.யு.வை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) முன்னதாகவே 1508 ஆக்கிவிட்டேன்.

முதல் நாள் ஒரு பாக்கெட்கூட ஓசூரை எட்டவில்லை. லேபிள் அட்டவணையின் அளவு தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்கும் என்பதை, கட்டளை பிழை காட்டி நின்றபோதே அறிந்து 2000 ஆக்கியிருந்தேன். ஆனால் லேபிளுடன் வரும் பாக்கெட்டை ஏற்பதற்கு ரவுட்டரின் ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் (இணைப்பு முனையிலும்) தனியே அனுமதி தர வேண்டும். அதை இராயக்கோட்டையில் மறந்துவிட்டேன், அதுவோ எந்தப் பிழையும் சொல்லாமல் பாக்கெட்டுகளை விழுங்கிக்கொண்டிருந்தது. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தபோது 1002 உள்ளே வருவது தெரிந்தது, வெளியே எதுவும் போகவில்லை.

வேகக் கட்டுப்பாடுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் இன்டர்ஃபேஸில் எச்.டி.பி. வரிசையும் (பாக்கெட்டுகளை வகுப்புகளாகப் பிரித்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது) அதில் 5 எம்.பி.பி.எஸ். வகுப்பும் அமைத்து, சர்வரின் ஐ.பி. முகவரியை வடிகட்டியில் எழுதினேன். வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் போட்டால் ஜிகாபிட் கணக்கில் பாய்ந்தது. லேபிள் ஒட்டியபின் அந்த பாக்கெட்டின் ஈதர்நெட் வகை 0x8847 ஆகிவிடுவதால், ஐ.பி.க்கென எழுதிய வடிகட்டி அதைத் தொடுவதே இல்லை. எச்.டி.பி.யில் இயல்பு வகுப்பு எதையும் நான் குறிக்காததால், எதிலும் சேராத பாக்கெட்டுகள் கட்டுப்பாடின்றி நேரே வெளியேறின. புள்ளிவிவரத்தில் 'டைரக்ட் பாக்கெட்ஸ்' எண் ஏறிக்கொண்டே இருந்ததைப் பார்த்துத்தான் இது விளங்கியது.

வடிகட்டியை எம்.பி.எல்.எஸ். வகைக்கு மாற்றி 1001 என்று எழுதினேன், அப்போதும் பிடிபடவில்லை. வெளியேறும் வரிசை, லேபிள் மாறிய பிறகே பாக்கெட்டைப் பார்க்கிறது என்ற எளிய விஷயத்தை நான் யோசிக்கவில்லை. 1002 என்று திருத்தியதும் வேகம் 4.7 எம்.பி.பி.எஸ். அளவில் நின்றது.

லேபிள் பாதை ஒருதிசை மட்டுமே என்பதால் ஓசூரின் பதில்கள் இன்னும் கிருஷ்ணகிரி வழியாகவே திரும்புகின்றன. இதற்காக ஓசூரில் ஆர்.பி. ஃபில்டரை (பதில் திரும்பும் வழியல்லாத வேறு வழியில் வரும் பாக்கெட்டைத் தள்ளிவிடும் சோதனையை) தளர்த்தி வைத்திருக்கிறேன். திரும்பும் பாதையை அடுத்த வாரம் அமைத்துவிட்டு அதை மறுபடி இறுக்க வேண்டும்.